காரைக்குடிப் பெட்டியும் சிங்கம்புணரி மாடி அறையும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கீழே கூடத்தில் டி.வி.யோடு சேர்ந்த ஹோம் தியேட்டர் இருக்கிறது. அதைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். மாடி அறையில் நான் பாட்டு மட்டும் கேட்பதற்காக இரண்டாவது செட் ஒன்று அமைக்க ஆசைப்படுகிறேன். அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அண்ணன் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த 40 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் நல்ல நிலையில் இருக்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கக் கையில் பணம் போதாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடி பார்த்தேன். 12 அங்குல ஊஃபர், மூன்று ஸ்பீக்கர் கொண்ட பெட்டி, எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்ததாம். 18,000 ரூபாய் சொல்கிறார்கள். மதுரையில் தெரிந்தவர் ஒருவரிடம் 5 அங்குல ஊஃபர் வைத்த சின்ன ஜோடி 12,000 ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கிப் பத்து வருஷம் ஆனது. எனக்கு மனசு பெரிய பெட்டியில்தான் இருக்கிறது. கேட்பதெல்லாம் பழைய சினிமாப் பாட்டு, நாகஸ்வரம், கொஞ்சம் இளையராஜா. எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், சிங்கம்புணரி

பதில்: பெரிய ஜோடியை விட்டுவிடுங்கள், ஐயா. உங்கள் மனசு அதில் இருப்பது தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பெட்டி கெட்ட பெட்டி என்று நான் சொல்லவில்லை. உங்கள் அறைக்கு அது ஒத்துவராது.

அறையின் அளவை அடி கணக்கில் எழுதியது பெரிய உதவி. பலர் ஸ்பீக்கரின் பெயரைப் பத்து வரி எழுதுவார்கள், அறையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நம்மூர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒலி, அந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்கு அலைநீளம் வருகிற இடத்தில் தானாகப் பெருக்கும். 14 அடிக்குக் கணக்குப் போட்டால் 41 ஹெர்ட்ஸ் வாக்கில். 12 அடிக்கு 48. உங்கள் அறையில் அகலமும் 12, உயரமும் 12. ஆகவே அதே 48-ல் பக்கச் சுவர்கள் ஒரு பக்கம், தரையும் கூரையும் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து பெருக்கும். 12 அங்குல ஊஃபர் அந்த இடத்தில்தான் பலமாக வேலை செய்யும். கடையில் கம்பீரமாகக் கேட்ட பேஸ், மாடியில் கும்மென்ற ஒரே இரைச்சலாகப் பாட்டின் மேல் வந்து உட்காரும். சின்னப் பெட்டி 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க மெலிந்துவிடும். மற்ற இடங்களில் அது குறை. உங்கள் அறையில் அதுவே நன்மை.

நீங்கள் கேட்கிற பாட்டுகளும் அதற்கே சாட்சி. பழைய பாட்டுகளில் அடி பேஸ் பதிவிலேயே குறைவு. அவற்றின் உயிர் குரலில் இருக்கிறது. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி உங்கள் பக்கத்து ஊர்தான். அவர் வரிகளில் ஒரு றகரமும் ழகரமும் தெளிவாகக் காதில் விழ வேண்டுமானால் நடு ஒலி சுத்தமாக இருக்க வேண்டும். பி.பி.சி. இதையே தன் வேலைக்காக யோசித்தது. வெளிப்புற ஒலிபரப்பு வேனின் நெருக்கடிக்குள் உட்கார்ந்து பேச்சைக் கண்காணிக்க, 1970-களில் ஒரு அடி உயரமே உள்ள எல்.எஸ்.3/5ஏ என்ற பெட்டியை வடிவமைத்தார்கள். அதில் இருந்ததும் 5 அங்குல ஊஃபர்தான். மனிதக் குரலுக்கு அது இன்றும் பேர் பெற்ற பெட்டி.

இன்னொரு காரணம் வயது. எண்பதுகளின் பெட்டிகள் பலவற்றில் கோனைச் சுற்றி ஃபோம் எட்ஜ் போட்டிருப்பார்கள். அந்த ஃபோமைக் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் பிசுபிசுக்கும், பிறகு பொடியாக உதிரும். பெட்டியை யாரும் தொடாமல் மூடி வைத்திருந்தாலும் உதிரும். என் அனுபவத்தைச் சொல்கிறேன். இளவயதில் ஒரு பெரிய ஜோடியைச் சாயங்கால வெளிச்சத்தில், முன்துணியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கினேன். விற்றவர் சத்தமாகப் போட்டுக் காட்டினார், நானும் மயங்கிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் கரகரத்தது. துணியைக் கழற்றினால் எட்ஜ் கருப்புப் பொடியாகக் கீழே கிடந்தது. சரியான அளவு எட்ஜ் கிடைக்க மாதக் கணக்கில் அலைந்தேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்கள் கோன் மாற்றித் தருவார்கள். திருவிழா ஸ்பீக்கருக்கு அது நல்ல வேலை. வீட்டு ஸ்பீக்கருக்குக் கனமான வேறு கோன் போட்டால் பெட்டியின் கணக்கே மாறிவிடும், பழைய ஒலி திரும்பி வராது.

இதெல்லாம் கேட்ட பிறகும் காரைக்குடி ஜோடி மனசை விட்டுப் போகாவிட்டால், அதில் தப்பில்லை. அந்த வட்டாரத்துக்கும் பாட்டுப் பெட்டிக்கும் உள்ள உறவு பழையது. காரைக்குடிக்காரரான ஏவி.மெய்யப்பன் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்தில் தொடங்கியவர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் அவர் போட்ட ஸ்டுடியோவில் எடுத்த படம். பர்மா, மலேயா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்கள் முனீஸ்வரன் கோவில் தெருவில் இன்னும் கைமாறுகின்றன. ஆசையோடு பார்க்கப் போங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் போங்கள். கையில் டார்ச், மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு முழம் ஒயர் இருக்கட்டும். மதுரை ஜோடியைப் பார்க்கப் போகும்போதும் இவை வேண்டும்.

முதலில் முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். எட்ஜை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் வழவழப்பாக வளையும், பல பத்தாண்டுகள் தாங்கும். நலிந்த ஃபோம் என்றால் விரலில் கறை ஒட்டும். பிறகு இரண்டு கையின் விரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து, பூவைத் தொடுவதுபோல உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். உள்ளே சரசரவென்று உரசினால் காயில் (கம்பிச் சுருள்) வளைந்திருக்கிறது, அல்லது பெட்டி எங்கோ கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டாம். ட்வீட்டரை மட்டும் விரலால் அழுத்தாதீர்கள். குழி விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

மல்டிமீட்டரைப் பின்பக்க முனைகளில் வையுங்கள். 8 ஓம் பெட்டி ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும். இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இது ஊஃபரின் நலத்தைத்தான் சொல்லும், ட்வீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ட்வீட்டருக்குப் போகும் வழியில் மீட்டரின் கரன்ட்டை மறித்துக் கண்டன்சர் நிற்கிறது. ட்வீட்டருக்குக் காதுதான் கருவி. பாட்டு ஓடும்போது ஒவ்வொரு ட்வீட்டருக்கும் அரையடி தள்ளிக் காதைக் கொண்டுபோய், மெல்லிய 'ஸ்ஸ்' வருகிறதா என்று கேளுங்கள். மூன்று ஸ்பீக்கர் உள்ள பழைய பெட்டியில் இதை நடு ஸ்பீக்கருக்கும் செய்ய வேண்டும். அழகுக்கு மட்டும் ஒட்டி வைத்த நடு ஸ்பீக்கரை நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி எதற்கு? அதன் பிளஸைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வழக்கமாகக் கோன் வெளியே துள்ளும். நமக்கு முக்கியம், இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் துள்ள வேண்டும் என்பது. ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால், ரிப்பேர் பார்த்தவர் ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஜோடியில் பேஸ் காணாமல் போகும், குரல் அறையெங்கும் சிதறும். அதை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் பெட்டியை யாரோ திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். விலை பேசும்போது நினைவில் இருக்கட்டும்.

பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பெட்டிகளைக் கெடுப்பவை குளவி, எலி, கரையான். துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், உள்ளே இருக்கும் பஞ்சை எலி இழுத்துப் போட்டிருக்கும். அடிப்பலகை உப்பியிருந்தால் ஈரத்தில் நின்ற பெட்டி. மரத்தூள் பலகை ஒருமுறை உப்பினால் திரும்பாது.

கடைசியாகக் கேட்டுப் பார்ப்பது. கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டு வேண்டாம். நீங்கள் வருஷக் கணக்கில் கேட்ட பாட்டைப் போடச் சொல்லுங்கள். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ்.ஜானகி பாடுகிறாரே, அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. கெட்டுப்போன ட்வீட்டரோ தளர்ந்த காயிலோ நாகஸ்வரத்தின் உச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலப் பதிவு மோனோ என்பதும் நமக்கு உதவி. இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தால் ஜானகியின் குரல் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பெட்டி களைத்திருக்கிறது. அடுத்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). வயலின்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, ஒட்டிக்கொண்டு கூச்சலாகின்றனவா என்று பாருங்கள்.

உங்கள் ஆம்ப்ளிஃபயர் பற்றிக் கவலை வேண்டாம். மலேசிய மின்சாரம் நம்முடையதோடு ஒத்துப்போகும். ஜப்பானின் 100 வோல்ட் செட்டைத்தான் அப்படியே செருகக் கூடாது. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும் என்பதால், 40-க்கும் 80-க்கும் காதில் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். மாடி அறையில் பெரும்பாலும் ஐந்து வாட்ஸுக்குள்ளேயே உங்கள் காது நிறைந்துவிடும். ஸ்பீக்கர் 8 ஓமாக இருக்கட்டும். பழைய மினி காம்போவிலிருந்து கழற்றிய 3 ஓம், 4 ஓம் பெட்டிகள் ஆம்ப்ளிஃபயரைச் சுடவைக்கும்.

மதுரை ஜோடி இந்தச் சோதனைகளில் தேறினால் வாங்கிவிடுங்கள். மிச்சமாகும் ஆறாயிரத்தில் ஒரு பகுதியை அறைக்குச் செலவழியுங்கள். வெறும் அறையில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். டர்ர்ரென்று ஒரு சிணுங்கல் தொடர்ந்து வரும். வழவழத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியைப் பந்தாடுகிற சத்தம் அது. தரைக்குக் கனமான பவானி ஜமுக்காளம் ஒன்று. சுவருக்கு வெளியூர் போக வேண்டாம், உங்கள் ஊரே கயிற்று ஊர். தென்னை நாரை உதறி, தூசி போக நன்றாக வெயிலில் காயவைத்து, நாலடிக்கு இரண்டடி மரச்சட்டத்தில் மூன்று அங்குலக் கனத்துக்கு அழுத்தாமல் நிரப்பி, காடாத் துணி போர்த்துங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூச்சலை நன்றாகக் குடிக்கும். பேஸை அது தொடாது. அதனால்தான் சின்னப் பெட்டி என்றேன். எங்கே மாட்டுவது? நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், பேரன் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் ஆணி அடியுங்கள். பக்கத்துக்கு ஒன்று, உங்கள் தலைக்குப் பின்னால் ஒன்று, மூன்று சட்டம் போதும். நார் தீப்பிடிக்கும், விளக்கு, ஸ்விட்ச் பக்கம் வேண்டாம்.

பெட்டிகளைச் சுவர் மாடத்துக்குள்ளோ மூலையிலோ வைக்காதீர்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ட்வீட்டர் உங்கள் காது மட்டத்துக்கு வரும்படி ஸ்டூலின் மேல் வையுங்கள். பெட்டிகளுக்கு இடையே உள்ள தூரமும் அவற்றிலிருந்து உங்கள் நாற்காலிக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கட்டும். மதுரையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதானால் மேலே போட விடாதீர்கள். இரண்டு பெட்டியின் முகத்துக்கும் நடுவே மடித்த போர்வையை வைத்துக் கட்டி, மடியிலோ காலடியிலோ வைத்துக்கொண்டு வாருங்கள்.