எடை மட்டும் போதாது, இடுப்பையும் அளப்போம்



நான் அரசாங்கக் கிளினிக் ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு நம் இளைஞர் வகுப்பில் உடல்நலப் பாடம் எடுப்பது வழக்கம். எடைக் கருவியைக் கொண்டு போய் வைத்தால் போதும், ஒல்லியாக இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே முன்னால் வருவார்கள். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். "எங்களுக்கு என்னக்கா, நாங்க எல்லாம் நார்மல்தான்" என்று முன்னால் வந்தவர்கள் சொல்வார்கள். அந்த "நார்மல்" என்ற சொல்லைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பி.எம்.ஐ. என்றால் என்ன?

உடல் எடைக் குறியீட்டைத்தான் சுருக்கமாக பி.எம்.ஐ. என்கிறோம். எடையைக் கிலோவில் எடுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். எடையை அந்த விடையால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ.

ஒரு தம்பியின் உயரம் 1.70 மீட்டர், எடை 68 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.70 பெருக்கல் 1.70, விடை 2.89. 68-ஐ 2.89-ஆல் வகுத்தால் 23.5. கைப்பேசியில் உள்ள கணக்குப் பொறியே போதும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் மருத்துவர் அல்ல. பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1830-களில் மனித உடலின் சராசரி அளவுகளை ஆராய்ந்தபோது கண்டது இது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவர் குழுவினரும்தான் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார்கள். பலரைச் சேர்த்துப் பார்க்க உருவான அளவுகோல் என்பதால், ஒரு தனி மனிதருக்கு இது முதல் கேள்வியாக இருக்கலாம். முடிவான பதிலாக இருக்க முடியாது.

நமக்குக் கோடு எங்கே?

இணையத்தில் தேடினால் 25-க்குக் கீழே இருந்தால் சரி என்று வரும். அது உலகப் பொதுக் கோடு. ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே இனிப்பு நீரும் இருதய நோயும் வருவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் எடுத்துச் சொன்னது. அதனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் பெரியவர்களுக்குப் பார்க்க வேண்டிய அளவு இதுதான்:

- 18.5-க்குக் கீழே: எடை போதாது
- 18.5 முதல் 22.9 வரை: ஆபத்து குறைவு
- 23 முதல் 27.4 வரை: ஆபத்து தொடங்கிவிட்டது
- 27.5-உம் அதற்கு மேலும்: ஆபத்து அதிகம்

மேலே கணக்குப் போட்ட தம்பியைப் பாருங்கள். இணையக் கணக்கில் அவர் நார்மல். நம் கணக்கில் கோட்டைத் தாண்டி நிற்கிறார்.

"ஏன்க்கா நமக்கு மட்டும் இப்படி?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். ஒருவர் பூனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. எடைக் கருவிக்கு இருவரும் ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு.

இந்திய வம்சாவளியினருக்குப் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் கை கால்களை விட வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. அது சும்மா இருப்பதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. ஒரு நாள் அதனால் முடியாமல் போகும்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, மாரடைப்பு எல்லாம் இதே வழியில் வருகிற உறவுக்காரர்கள்தான். பெண்பிள்ளைகள் சிலருக்கு மாதவிலக்குத் தள்ளிப் போவதற்கும் இந்த இன்சுலின் கோளாறு ஒரு காரணம்.

வயிறு சொல்லும் செய்தி

லாரி லைசன்ஸுக்காக மருத்துவப் பரிசோதனைக்கு வந்த ஒருவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயது 27. கை கால் எல்லாம் ஒல்லி, சட்டைக்குள் சின்னத் தொந்தி. பி.எம்.ஐ. 24-ஐக்கூடத் தொடவில்லை. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 8.1. 7-ஐத் தொட்டாலே இனிப்பு நீர்தான். இன்னொரு நாள் எடுத்த பரிசோதனையும் அதையே சொன்னது. "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே சிஸ்டர், நல்லாத்தானே இருக்கேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மனைவி மாசமாக இருந்தார். அந்த வேலையை நம்பித்தான் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்.

அவர் தனி ஆள் இல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கூடினால் மூன்று பேர்.

ஆகவே எடையோடு இடுப்பையும் அளக்க வேண்டும். தையல் டேப் ஒன்று போதும். நேராக நின்று, மூச்சை இயல்பாக விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளவு எடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இதைத் தொட்டாலே எச்சரிக்கை. இன்னொரு சுலபமான வழியும் உண்டு. இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 1.70 மீட்டர் உயரமானவருக்கு 85 சென்டிமீட்டர்.

யாருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது?

பளு தூக்கி உடம்பை வளர்த்தவருக்குத் தசையின் எடையால் பி.எம்.ஐ. ஏறித் தெரியும். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வயதை வைத்துப் பார்க்கும் தனி வரைபடம் இருக்கிறது. அதனால் பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைத்து "நீ குண்டு" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேலி பேசி யாரும் இளைத்ததில்லை. ஒளிந்து சாப்பிடத்தான் பழகுவார்கள்.

18.5-க்குக் கீழே இருப்பதும் பெருமை இல்லை. சோர்வு, இரத்தச் சோகை, எலும்பு பலவீனம் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன.

என்ன செய்யலாம்?

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பொருந்தும். சர்க்கரை எல்லையில் இருந்தவர்களுக்கு உணவையும் நடையையும் மாற்றச் சொல்லிப் பழக்கியதில், இனிப்பு நீர் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை. முள் நகரவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். உள்ளே வேலை நடக்கிறது.

முதலில் பானம். டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் 320 மில்லி டின்னில் 32 கிராம், அதாவது 8 டீஸ்பூன். கடையில் தே தாரிக்கை "குராங் மானிஸ்" என்று கேளுங்கள். பிறகு மெல்ல தே ஓ கோசோங்கிற்கு வந்துவிடலாம்.

அடுத்து தட்டு. சுகாதார அமைச்சு சொல்லும் "சுகு சுகு செபாரோ" நினைவிருக்கட்டும். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, பருப்பு போன்றவை, அரைத் தட்டு காய்கறியும் பழமும். வாழை இலையிலும் இந்தக் கணக்குச் செல்லும். கோயில் அன்னதானத்தில் பரிமாறும் தம்பிகள் சோற்றுக் கரண்டியைக் குறைத்துக் காய்க் கரண்டியைக் கூட்டலாமே!

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பூசத்திற்கு 48 நாள் சைவமாக, கட்டுப்பாடாக இருக்கிறோம். பத்துமலையில் 272 படி ஏறுகிறோம். அந்த மனவுறுதி நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. மறுநாளே நாசி லெமாக், இரவு பதினோரு மணிக்கு ரொட்டி சானாய் என்று பழையபடி திரும்பினால் போன எடையும் திரும்பிவிடும். 48 நாளில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் 49-ஆம் நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உடற்பயிற்சி. வாரத்தில் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தண்டால், உட்கார்ந்து எழுதல். நமக்குத் தசை குறைவு என்று பார்த்தோமே, அதனால் நடை மட்டும் போதாது.

வீட்டுப் பாடம்

1. உங்கள் பி.எம்.ஐ.யையும் இடுப்பளவையும் ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.
2. அப்பா அம்மாவுக்கும் அளந்து பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம்.
3. பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலோ, இடுப்பு எல்லையைத் தாண்டினாலோ, ஒல்லியாக இருந்தாலும் சரி, கிளினிக்கிற்குப் போய் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

மூன்று மாதம் கழித்து அதே டேப்பால் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள்.