ரகம் சோறு போடும்வரை நாற்று சோறு போடும்

புதிய ரகம் உருவாக்குவதையே ஆயுள் தொழிலாக வைத்துக்கொள்ள நினைக்கிறீர்களா? அப்படியானால் ஒரு கேள்விக்கு முதலில் பதில் தேடுங்கள். முதல் ரகம் சந்தைக்கு வரும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி?

ரோஜாவில் ஒரு கலப்பு விற்பனைக்குரிய ரகமாக மாற எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகும். மாவில் அதைவிட அதிகம். அதுவரை கூலி, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எதுவும் காத்திருக்காது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் பலரும் அந்த இடைவெளியை நாற்று விற்றுத்தான் கடந்திருக்கிறார்கள்.

யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை'யைப் புரட்டியவர்களுக்கு லூதர் பர்பாங்க் என்ற பெயர் நினைவிருக்கும். அந்த நூல் அவருக்குத்தான் காணிக்கை. 1849-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, 1926-ல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசா நகரில் மறைந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆனாலும் 800-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தந்தவர். சரியாகச் செய்தவை, கோட்டை விட்டவை என இரண்டுமே அவர் வாழ்க்கையில் உண்டு. அவற்றை வைத்தே இந்தத் தொழிலைப் படிக்கலாம்.

1. முதல் ஐந்தாண்டு: கை பழகட்டும்

பர்பாங்க் 1875-ல் சாண்டா ரோசாவுக்கு வந்ததும் கிடைத்த தச்சு வேலைகளைச் செய்தார். பிறகு சிறிய நாற்றங்கால் ஒன்றைத் தொடங்கினார். 1881-ல் ஒரு வாடிக்கையாளர் வந்து 20,000 பிளம் ஒட்டுக்கன்றுகள் வேண்டும், அதுவும் ஒரே பருவத்துக்குள் வேண்டும் என்றார். வழக்கமான முறையில் அது நடக்காத காரியம். பர்பாங்க் வேகமாக முளைக்கும் பாதாமை வேர்ச்செடியாக வளர்த்து, கோடையில் அதன்மேல் பிளம் மொட்டுகளைக் கட்டி, கேட்டதில் பெரும்பகுதியைப் பருவத்துக்குள் கொடுத்துவிட்டார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த ஆர்டர். அந்தப் பெயர் கொண்டுவந்த வியாபாரம்தான் பின்னாளில் கலப்பு வேலைக்குப் பணமானது.

ஆகவே முதலில் நாற்றங்கால் வேலையில் தேர்ச்சி பெறுங்கள். பதியம், தண்டு வெட்டி நடுதல், மொட்டு கட்டுதல், மென்தண்டு ஒட்டு, குழித்தட்டு நாற்று, மக்கிய தென்னை நார்க்கழிவு தயாரிப்பு, நிழல்வலையிலிருந்த செடியை வெயிலுக்குப் பழக்குவது என எல்லாம் கைக்கு வர வேண்டும். ஒட்டு பிடிக்காத கையில் நல்ல ரகம் கிடைத்தாலும் அதைப் பெருக்க முடியாது.

ஓசூர், ராயக்கோட்டை வட்டாரத்துக் காய்கறி, மலர் நாற்றுப் பண்ணைகளிலும், மல்லிகை நாற்றுக்குப் பெயர்போன ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலும் ஒரு பருவம் வேலை பார்த்தால் எந்தப் பாடநூலிலும் இல்லாத விஷயங்கள் பிடிபடும். முக்கியமாக, வாங்குபவர் என்ன கேட்கிறார் என்பது காதில் விழும். பூ எத்தனை நாள் தாங்கும்? வேனில் ஏற்றினால் அடிபடுமா? தண்ணீர் குறைந்தால் நிற்குமா? நாளை நீங்கள் உருவாக்கும் ரகம் இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொந்தமாக நாற்று விற்பதென்றால் விதைக் கட்டுப்பாட்டு ஆணை, 1983-ன் கீழ் உரிமம் வேண்டும். மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் விசாரித்து அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

2. பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆயுளையும் கணக்கிடுங்கள்

உங்கள் கையில் ஏறக்குறைய 35 உழைக்கும் ஆண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தக்காளியிலும் மிளகாயிலும் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை எடுக்கலாம் என்பதால் மொத்தம் எழுபது வாய்ப்புகள் கிடைக்கும். ரோஜாவிலும் சாமந்தியிலும் ஆண்டுக்கு ஒன்று. மாங்கொட்டை நட்டால் காய் பார்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆயுளுக்கும் ஐந்து தலைமுறை பார்த்தால் பெரிது. மாவில் இறங்குபவர் பக்கத்திலேயே வேகமான பயிர் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, பயிர் எப்படிப் பெருகுகிறது என்பது. தக்காளி போல விதையில் பெருகும் பயிரில், கலப்புக்குப் பிறகு ஆறு முதல் எட்டுத் தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து குணங்களை நிலைப்படுத்த வேண்டும். ரோஜாவுக்கு அந்தச் சுமை இல்லை. ஆயிரத்தில் ஒரு நாற்று தேறினாலும் அதன் மொட்டைக் கட்டியே லட்சம் செடி ஆக்கலாம். குண்டுமல்லியோ விதை பிடிப்பதே அரிது. அதில் கலப்பை நம்பி இறங்குவதைவிட, வயலில் மாறுபட்டு நிற்கும் செடியைத் தேடி எடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

தொடக்கத்துக்கு வெளிநாட்டு ரகம் வேண்டுமென்பதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 முருங்கை, தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் நாட்டு முருங்கையிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து எடுத்தது. போத்து வெட்டி நட்டு வந்த முருங்கையை விதை போட்டு ஆண்டுப் பயிராகச் சாகுபடி செய்யலாம் என்று அது காட்டியது.

3. கலப்பு வேலையை வீட்டிலேயே பழகுங்கள்

பழகுவதற்குத் தக்காளி தோதான பயிர். இரண்டு ரகங்களில் பத்துப் பத்துச் செடி இருந்தால் போதும்.

• மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தாய்ச்செடியில் மாலையில் தேர்ந்தெடுங்கள். சிறு இடுக்கியால் மகரந்தக் கூம்பைச் சூல்முடி அடிபடாமல் நீக்குங்கள்.

• வேறு மகரந்தம் ஒட்டாதபடி மெல்லிய உறை போடுங்கள்.

• மறுநாள் காலை தந்தைச்செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவி, மீண்டும் உறையிடுங்கள்.

• அட்டை கட்டுங்கள். தாயின் பெயர் முன்னால், தந்தையின் பெயர் பின்னால், கீழே தேதி.

அந்தப் பழத்தின் விதையில் வரும் முதல் தலைமுறைச் செடிகள், பெற்றோர் நிலைப்பட்ட ரகங்களாக இருந்தால், ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் விதையைப் போட்டால் இரண்டாம் தலைமுறையில் குணங்கள் சிதறும். உண்மையான தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே பெற்றோரிடமிருந்து எவ்வளவு வேறுபட்ட பிள்ளைகள் வரும் என்பதற்கு மா நல்ல சாட்சி. தென்னாட்டு நீலமும் வடநாட்டு தசேரியும் சேர்ந்த கலப்பில்தான் மல்லிகாவும் வந்தது, ஆம்ரபாலியும் வந்தது. மல்லிகா பெரிய பழம். ஆம்ரபாலி நெருக்கி நடத்தக்க குட்டை மரம். ஆகவே ஒரு கலப்பில் வந்த நாற்றுகளை ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள்.

4. பிடுங்கி எறியத் தயங்காதீர்கள்

இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் ரோஜா நிறுவனம் ஆண்டுதோறும் லட்சத்துக்கும் மேற்பட்ட நாற்றுகளை வளர்க்கிறது. அவற்றில் ரகமாக வெளிவருபவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பர்பாங்கும் தேறாத செடிகளை ஆயிரக்கணக்கில் குவித்து எரித்தவர். புதிதாக வருபவருக்குக் கடினமான பாடம் இதுதான். தான் கலந்து தான் வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வராது. சுமாரான நூறு செடிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த ஆண்டின் கலப்புக்குப் பாத்தி இருக்காது.

அதனால் விதைக்கும் முன்பே மூன்று நிபந்தனைகளை எழுதி வையுங்கள். ரோஜா என்றால், கரும்புள்ளி நோயைத் தாங்க வேண்டும், ஆண்டில் பல முறை பூக்க வேண்டும், ஒட்டு எளிதில் பிடிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் செடி வெளியே போக வேண்டும், பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மூன்றாவது நிபந்தனையைப் பலரும் மறக்கிறார்கள். பெருக்குவதற்குச் சிரமமான ரகத்தை எந்த நாற்றுப் பண்ணையும் இரண்டாம் முறை வாங்காது.

பிடுங்கும் கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாய்ச்செடித் தோட்டத்தில் தினமும் நடப்பவருக்குத்தான் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூப்பதோ காய்ப்பதோ தென்படும். டெக்சாசில் 1929-ல் ஒரு மரத்தின் கிளையில் சிவப்புச் சதையோடு காய்த்த பம்பளிமாசு வகைப் பழம் 'ரூபி ரெட்' என்ற ரகமாகி, 1934-ல் காப்புரிமையும் பெற்றது.

5. எழுதாத கலப்பு நடக்காத கலப்பு

பர்பாங்கின் பெரிய பலவீனம் இதுதான். 1905-ல் கார்னெகி அறிவியல் நிறுவனம் அவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அவர் முறைகளைப் பதிவு செய்ய ஜார்ஜ் ஷல் என்ற மரபியலாளரையும் அனுப்பியது. ஷல் தேடிய விவரங்கள் ஏட்டில் இல்லை, பர்பாங்கின் தலைக்குள் இருந்தன. சில ஆண்டுகளில் உதவியும் நின்றது.

தாய், தந்தை, கலந்த தேதி, கிடைத்த விதை, முளைத்தவை, நோய், பூத்த நாள், கழித்த காரணம் எல்லாம் ஏட்டில் ஏறட்டும். எண்ணும் புகைப்படமும் பொருந்த வேண்டும். பின்னாளில் ரகத்துக்கு உரிமை கோரும்போது உங்களுக்காகப் பேசப்போவது இந்த ஏடுதான்.

6. உரிமையைப் பதியாமல் விற்காதீர்கள்

1872-ல் ஓர் உருளைக்கிழங்குச் செடியில் அரிதாகப் பிடித்த காயிலிருந்து 23 விதைகளை எடுத்து நட்டார் பர்பாங்க். அவற்றில் ஒன்று அபாரமாகத் தேறியது. அதை ஒரு விதை வியாபாரிக்கு 150 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த ரகத்தின் வழிவந்த 'ரசட் பர்பாங்க்' இன்றும் பிரெஞ்சு பிரைசுக்கு அமெரிக்கா நம்பும் கிழங்கு. தாவரக் காப்புரிமைச் சட்டம் அங்கே வந்ததோ 1930-ல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

பிரான்சின் பிரான்சிஸ் மெய்யான் கதை வேறு. அவருடைய 'பீஸ்' ரோஜா 1945-ல் அமெரிக்காவில் வெளியானபோது சட்டம் இருந்தது. அந்த ஒரு ரகத்தின் ராயல்டியே அவரை முழுநேர ரக உருவாக்கத்துக்குத் திரும்ப வைத்தது.

இந்தியாவில் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001 இருக்கிறது. மனதில் கொள்ள வேண்டியவை இவை:

• ரகம் பிறவற்றிலிருந்து வேறுபட்டு, சீராக, தலைமுறை மாறினும் குணம் மாறாததாக இருக்க வேண்டும்.

• புதிய ரகமாகப் பதிய, இந்தியாவில் விற்கத் தொடங்கி ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 'விற்றுப் பார்ப்போம், பிறகு பதியலாம்' என்றிருந்தால் வாய்ப்பு கைநழுவும்.

• பாதுகாப்புக் காலம் மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள், மற்றப் பயிர்களுக்கு 15 ஆண்டுகள்.

• பதிவான ரகத்தை ஆராய்ச்சிக்கும் கலப்புக்கும் எவரும் பயன்படுத்தலாம். வணிக விதை உற்பத்திக்கு அதையே திரும்பத் திரும்பப் பெற்றோராகப் பயன்படுத்தினால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

• விவசாயி விதையைச் சேமிக்கலாம், பகிரலாம், பிராண்டு பெயரில்லாமல் விற்கலாம். இதையும் கணக்கில் வைத்தே வருமானத்தைத் திட்டமிடுங்கள்.

• விவசாயிகள் தங்கள் ரகத்தைப் பதியக் கட்டணம் கிடையாது.

ரகத்தோடு சேர்த்துப் பெயரையும் காப்பாற்றுங்கள். 1912-ல் பர்பாங்க் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி, விற்பனையைப் பிறர் கவனித்தார்கள். சில ஆண்டுகளில் அது நொடித்தது. கெட்ட பெயரில் ஒரு பங்கு அவருக்கும் வந்தது.

7. படிப்பா, பண்ணையா?

இரண்டும் வழிதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோவை, பெரியகுளம் கல்லூரிகளில் தோட்டக்கலை இளநிலைப் பட்டம் படிக்கலாம். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. விதை நிறுவனத்தில் பிரீடர் பதவி வேண்டுமென்றால் அதற்கு மேல் பயிர் இனப்பெருக்கத்தில் முதுநிலைப் பட்டமாவது தேவை. இத்தகைய நிறுவனங்களுக்குப் பெங்களூரு முக்கிய மையம். மன்மோகன் அத்தாவர் 1965-ல் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் நிறுவனம் 'கர்நாடகா' என்ற வீரிய ஒட்டுத் தக்காளியை 1973-ல் வெளியிட்டது அங்கிருந்துதான்.

வேலையில் சேரும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். சம்பளத்தில் இருக்கும்போது உருவாக்கிய ரகம் பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தமாகும். பதிவில் உங்கள் பெயர் இடம்பெறுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலையை விடும்போது பெற்றோர் வித்துகளை எடுத்துச் செல்வது திருட்டு. அந்தப் பேச்சைத் தொழிலில் எளிதில் யாரும் மறக்க மாட்டார்கள்.

8. நெடும்பயணத்தின் கணக்கு

டேவிட் ஆஸ்டின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1940-களில் பொழுதுபோக்காகக் கலப்பைத் தொடங்கினார். முதல் ரகமான 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' வந்தது 1961-ல். அது ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே பூக்கும். திரும்பத் திரும்பப் பூப்பவற்றை எடுத்து, சொந்த நாற்றுப் பண்ணையைத் தொடங்கியது 1969-ல். உலகம் திரும்பிப் பார்த்தது 1983-ல், செல்சீ மலர்க் கண்காட்சியில். முதல் ரகத்துக்கும் அந்த வெற்றிக்கும் இடையே 22 ஆண்டுகள். 2018-ல் அவர் மறைந்தபோது தொழில் மகன் கையில் தடையின்றி நடந்துகொண்டிருந்தது.

இதை உங்கள் கணக்காக மாற்றினால் இப்படி வரும். முதல் ஐந்தாண்டு நாற்று மட்டும். அடுத்த பத்தாண்டு நாற்றோடு சிறிய கலப்புத் தோட்டம். பிறகுதான் ரகம் வருமானம் தரத் தொடங்கும். ஐம்பது வயதைத் தாண்டும்போது ஏட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மகளோ மருமகனோ உதவியாளரோ.

கடைசியாக, இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு சோதனை. நாற்று வருமானத்தில் வீட்டுச் செலவும் கடனும் போக மிஞ்சுவதைப் பாருங்கள். அதில் ஒரு பங்கைப் பத்தாண்டுகளுக்கு, ஒரு ரூபாய்கூடத் திரும்ப எதிர்பார்க்காமல், கலப்புத் தோட்டத்தில் போட முடியுமா? முடியும் என்றால் இந்தப் பருவத்திலேயே முதல் மொட்டுக்கு உறை போடுங்கள். முடியாது என்றால் இன்னும் இரண்டு பருவம் நாற்று விற்றுவிட்டு மறுபடி கணக்குப் பாருங்கள்.