நீலக் குட்டி எப்போது பிறக்கும்?



போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். படிவம் ஐந்து படிக்கும் ஒரு தம்பி மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள்.

"அண்ணே, 640 தடவை ஆயிடுச்சு. இன்னும் நீலம் வரல. ஆனா பாதிக்கு மேல வந்துட்டேன்ல? இனிமே சீக்கிரம் வந்துடும்தானே?"

எஸ்பிஎம் டிரையலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவன் கேட்டது பாடத்தைப் பற்றி இல்லை. மைன்கிராஃப்ட் விளையாட்டில் அவன் கட்டி வைத்திருக்கும் பண்ணையைப் பற்றி. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய தவறு ஒளிந்திருந்தது. நம்மில் பலர் விளையாட்டில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் செய்யும் தவறு அது. அதனால் அடுத்த வார வகுப்பையே அதற்கு ஒதுக்கினோம். அன்று பேசியதுதான் இந்தப் பாடம்.

பண்ணைக்குள் என்ன நடக்கிறது?

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைன்கிராஃப்டில் ஆடு, மாடு, கோழி எல்லாம் வளர்க்கலாம். 2021இல் ஆக்ஸலாட்டல் என்ற நீர்வாழ் பிராணியையும் சேர்த்தார்கள். இளஞ்சிவப்பு, பழுப்பு, தங்கம், வெளிர்நீலம் கலந்த வெள்ளை என நான்கு நிறங்களில் அது குகைத் தண்ணீரில் கிடைக்கும். ஐந்தாவது நிறம் அடர்நீலம். அது குகையில் தானாகக் கிடைக்காது. இரண்டு பிராணிகளை இணை சேர்த்து, குட்டி பிறக்கும்போது அதிர்ஷ்டம் இருந்தால்தான் உண்டு.

இணை சேர்க்க, வாளியில் பிடித்த வெப்பமண்டல மீனை ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஒரு குட்டி பிறந்தபின் அதே ஜோடி மறுபடி இணைய 5 நிமிடம் ஆகும். பிறக்கும் குட்டி பெரும்பாலும் தாய் அல்லது தகப்பனின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நீலமாகப் பிறக்கும் வாய்ப்பு 1,200இல் ஒன்று.

குடமும் சீட்டும்

"1,200இல் ஒன்று" என்றதும் தம்பியின் மனதில் என்ன ஓடியது? ஒரு குடத்தில் 1,200 சீட்டு. ஒன்று மட்டும் நீலம். 640 சீட்டை எடுத்து வெளியே போட்டாயிற்று. மீதி 560தான். ஆகவே நெருங்கிவிட்டோம்.

கணக்கு சரிதான், எடுத்த சீட்டு வெளியே இருந்தால்! ஆனால் விளையாட்டு அப்படி வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பவும் குடத்திலேயே போட்டுக் குலுக்கிவிடுகிறது. 641ஆவது முறையும் குடத்தில் அதே 1,200 சீட்டு. முதல் நாள் எவ்வளவு வாய்ப்போ, இன்றும் அவ்வளவே. நீ எத்தனை நாள் காத்திருந்தாய் என்று குடத்துக்குத் தெரியாது.

அப்படியானால் 1,200 முறை முயன்றால்? கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

100 முறை முயன்றால் ஒரு நீலமாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 8 விழுக்காடு.
832 முறை முயன்றால் 50 விழுக்காடு.
1,200 முறை முயன்றால் சுமார் 63 விழுக்காடு.
3,600 முறை முயன்றால் சுமார் 95 விழுக்காடு.

1,200 முறை முடித்த பிறகும் நூறு பேரில் 37 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். நேரத்தையும் பாருங்கள். ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு 832 முறை முயல ஏறக்குறைய 69 மணி நேரம் ஆகும். மீன் மட்டும் 1,664 வாளி! பத்து ஜோடி வைத்தால் நேரம் 7 மணியாகக் குறையும். மீன் குறையாது.

பகடையை உருட்டிப் பார்த்தோம்

கணக்கு சொன்னால் தலையாட்டுவோம், ஆனால் மனசு நம்பாது. அதனால் லூடோ பகடையைக் கொண்டு வந்தேன். வகுப்பில் 12 பேர். ஆளுக்கு ஆறு முறை உருட்ட வேண்டும். ஆறு பக்கம், ஆறு முறை. எல்லாருக்கும் ஒரு 'ஆறு' விழுந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஐந்து பேருக்கு விழவே இல்லை.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. ஆறு முறை உருட்டினால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு விழாது. விழாத ஐந்து பேரில் ஒரு தங்கை விடவில்லை. "இன்னும் ஒன்னே ஒன்னு அண்ணே, இப்ப கண்டிப்பா விழும்!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் குரல் நமக்குப் பழக்கமான குரல்தான்.

மகாபாரதத்தில் தருமர் சூதாடிய சபையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சகுனி ஏமாற்றினான், உண்மை. ஆனால் தருமர் ஏன் எழுந்து போகவில்லை? செல்வம் போனது, நாடு போனது, தம்பிமார் நால்வர் போனார்கள், தானும் போனார், பிறகு திரௌபதி. ஒவ்வொரு தோல்வியும் நிறுத்துவதற்கான காரணமாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு அதுவே அடுத்த ஆட்டத்துக்கான காரணமாகிவிட்டது. அறம் தெரிந்தவருக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

திருவள்ளுவரும் 'சூது' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார், 94ஆவது அதிகாரம். அதில் அவர் முதலில் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. கிடைத்த வெற்றியைத்தான் தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறார். வீட்டில் அந்தக் குறளைத் தேடிப் படியுங்கள்.

"இப்ப விட்டா எல்லாம் வேஸ்ட் லா"

தம்பி விடவில்லை. "சரி அண்ணே, வாய்ப்பு கூடல. ஆனா 640 தடவை செஞ்சிருக்கேனே, இப்ப விட்டா எல்லாம் வேஸ்ட் லா."

நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "தொடர்ந்தா அந்த 640 திரும்ப வருமா?" யோசித்தான். வராது. தொடர்ந்தாலும் விட்டாலும் அந்த நேரம் போனது போனதுதான். இப்போது தீர்மானிக்க வேண்டியது அடுத்த ஒரு மணி நேரத்தை மட்டுமே. அதை எதற்குக் கொடுப்பது? டிரையலுக்கா, மீன் பிடிக்கவா?

விளையாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாத்திகட்டி, கால்வாய் வெட்டி, பொறுமையாகப் பண்ணை அமைப்பது நல்ல பழக்கம். எனக்கும் பிடிக்கும். எப்போது நிறுத்துவது என்பதை விளையாடத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நடுவில் முடிவு செய்தால், அந்த 'இன்னும் ஒன்னே ஒன்னு' குரல்தான் நமக்குப் பதிலாக முடிவு செய்யும்.

காசு உள்ளே வரும்போது

இதுவரை போனது நேரம் மட்டும். சில விளையாட்டுகளில் அரிய பிராணிக்காக முட்டையோ பெட்டியோ காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது.

நானும் பள்ளியில் படிக்கும்போது அப்படியொரு பண்ணை விளையாட்டில் மாட்டினேன். தீபாவளிக்குக் கிடைத்த பணம் 80 ரிங்கிட்டையும் ஒரே இரவில் பத்துப் பெட்டிக்குப் போட்டேன். நான் தேடிய வெள்ளைக் குதிரை வரவில்லை. மறுநாள் அம்மா, "பணத்த பத்திரமா வச்சிருக்கியாய்யா?" என்று கேட்டார். "வச்சிருக்கேம்மா" என்று பொய் சொன்னேன். 80 ரிங்கிட்டை மறந்துவிட்டேன். அந்தப் பொய்யை மறக்க முடியவில்லை.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. சீனாவில் 2017 முதல், எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று விளையாட்டு நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எனவே காசு கொடுக்கும் முன் வாய்ப்பு விகிதத்தைத் தேடுங்கள். அது எழுதப்படவில்லை என்றால், காசைப் பையிலேயே வையுங்கள்.

எது உண்மையில் அரியது?

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். முதல் நீலக் குட்டிக்குத்தான் இத்தனை பாடு. அது வளர்ந்தபின் வேறொன்றோடு இணை சேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி நீலம். இரண்டு நீலம் சேர்ந்தால் எல்லாமே நீலம். ஒரு வாரத்தில் குளம் நிறைந்துவிடும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த அருமை நிறுவனம் எழுதிய ஓர் எண், அவ்வளவுதான்.

உண்மையான ஆக்ஸலாட்டலின் கதை வேறு. அதன் இயற்கை வாழிடம் மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ கால்வாய்கள். அங்கே 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014இல் அது சுமார் 36. கழிவுநீர் ஒரு காரணம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும், நம் சந்தையில் விற்கும் அதே திலாப்பியாவும் இன்னொரு காரணம். தொட்டிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஏராளமாக வளர்கிறது. தன் சொந்தத் தண்ணீரில்தான் அழிந்துகொண்டிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் குடத்திலும் சீட்டு இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் உழைப்புதான் உண்டு.

தம்பி அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கோடுகளுக்குக் கீழே ஒரு வரி எழுதினான்: "சனிக்கிழமை மட்டும், ஒரு மணி நேரம்." நீலம் இன்னும் வரவில்லை. டிரையலில் கூடுதல் கணிதம் தேறிவிட்டான்.

இந்த வாரப் பயிற்சி

1. வீட்டில் ஒரு பகடையை எடுத்து, ஆறு விழும்வரை உருட்டுங்கள். எத்தனையாவது முறை விழுந்தது என்று குறியுங்கள். இப்படிப் பத்து முறை செய்து, மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான எண்ணையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

2. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பதற்காக மட்டும் நீங்கள் விடாமல் பிடித்திருக்கும் ஒன்று என்ன? நோட்டில் எழுதுங்கள். காட்ட வேண்டாம்.

3. விடாமுயற்சிக்கும் 'இன்னும் ஒன்னே ஒன்னு' என்பதற்கும் என்ன வித்தியாசம்? படிப்பில் ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததற்கு உதவுகிறது. குடத்தில் உதவுகிறதா? குழுவாகப் பேசி வாருங்கள்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம். பகடையை மறக்காமல் கொண்டு வாருங்கள்.