எழுத்துக் கூட்டுகிறார்கள், கதை புரியவில்லை!

என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுகிறார்கள். ஆனால் என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, மண்ணச்சநல்லூர்

கவலைப்படாதீர்கள், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எழுத்தைக் கூட்டுவதிலேயே மூச்சு வாங்கும் பிள்ளைக்குப் பொருளைக் கவனிக்கத் தெம்பு இருக்காது. அதனால் கொஞ்ச நாளைக்கு அவர்கள் சொல்வதையே அவர்களுக்குப் பாடமாக்குங்கள். சமயபுரம் கோயில் பூச்சொரிதல் விழாவுக்குப் போய்வந்த பிள்ளையைப் பேச விடுங்கள். "கூட்டத்துல அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்" என்றால், அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். 'உட்கார்ந்து' என்று திருத்த வேண்டாம். வாசிப்பது தான் சொன்ன வாக்கியம் என்பதால் பொருள் முன்பே தெரியும், கண் வேகமாக ஓடும். அதுபோலவே, ஊர் அரிசி மூட்டையில் அச்சிட்ட பெயர்கள், சத்திரம் பேருந்து நிலையம் போகும் பேருந்தின் பலகை எல்லாமே வாசிக்கத்தான்.

தினமும் பத்து நிமிடம் நீங்களே ஒரு கதையை உரக்க வாசியுங்கள். முக்கியமான இடத்தில் நிறுத்தி, "இனி என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். நீதி கேட்காதீர்கள், கேட்டால் கதை பரீட்சையாகிவிடும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் இருக்கின்றன. தயங்கும் பிள்ளைக்கு 'நுழை'யைக் கொடுங்கள், வகுப்பைப் பார்க்காதீர்கள். முக்கியமாக, புத்தகங்களைப் பீரோவில் பூட்டாமல் கைக்கெட்டும் கயிற்றில் தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.