மலைச்சாலையில் கொதிக்கும் இயந்திரம்

வேகக் காடி வாங்கிய புதிதில் அதை மலையேற்றிப் பார்க்கும் ஆசை நம் மாணவர்களுக்கு உண்டு. தாப்பாவிலிருந்து ஏறி, ரிங்லெட்டை எட்டுமுன்பே ஆவி பறக்க ஓரங்கட்டி நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போவார்கள். அதுதான் ஆபத்து.

காரணம், பள்ளியில் படித்த இயற்பியல்தான். கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், 1,100 மீட்டருக்கு மேலுள்ள ரிங்லெட்டில் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதிக்கும். ஓடும் இயந்திரத்தின் நீர் 90 பாகையை ஒட்டியே இருக்கும். அப்படியானால் எல்லாக் காடியும் கொதிக்க வேண்டுமே? மூடியிலுள்ள சுருள்வில் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் கொதிநிலை 115 பாகை வரை உயர்கிறது. வில் தளர்ந்தால் அந்தக் காப்பு போயிற்று. (பழைய காடி வாங்குவோர் சக்கரம், ஒலிக்குழாய் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள், மூடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை!)

சூட்டில் திறந்தால் அழுத்தம் நொடியில் விழும். 105 பாகை நீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். முள் ஏறும்போதே ஏர்கோனை அணையுங்கள். ஆவி வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, ரேடியேட்டர் குழாய் கைக்குச் சுடாதவரை காத்திருங்கள்.

குளிர்நீரை அவசரப்பட்டு ஊற்றவும் கூடாது. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயில் உள்ள மிட்சுபிஷி 4ஜி93 இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அடிக்கட்டை வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. சூடு மிஞ்சினால் தலை வளைந்து கேஸ்கெட் போய்விடும். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. மேற்கொண்டு ஓட்டாமல் இழுவண்டியை அழையுங்கள்.