நாய்க்குட்டிகளின் கொப்பூழ்க் குடலிறக்கம்: சத்திர சிகிச்சையும் பராமரிப்பும்

திகன, குண்டசாலை, தெல்தெனியப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருக்குக் காவல் நாய் ஒரு வேலையாளுக்கு நிகரானது. பகலிற் குரங்கும் இரவிற் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் தோட்டத்தை நாடும்போது முதலிற் குரல் கொடுப்பது நாயே. ஆயினும் வளர்ப்பதற்கெனக் கொண்டுவந்த குட்டியின் வயிற்றிற் சிறு வீக்கம் காணப்படின், சிலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் குட்டி பிழையாதெனக் கருதிக் கைவிடுகின்றனர். இவ்விரண்டும் தவறாகும். இவ்வீக்கங்களுட் பெரும்பாலானவை சத்திர சிகிச்சையால் முற்றாகக் குணமாகக் கூடியவை. எது சில மாதங்கள் காத்திருக்கலாம், எது சில மணி நேரமும் காத்திருக்கலாகாது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

குடலிறக்கம் என்பது யாது?

குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது அதற்கு வேண்டிய ஊட்டம் கொப்பூழ்க்கொடி வழியாகச் செல்கின்றது. கொடி செல்வதற்கென வயிற்றுச் சுவரில் உள்ள துவாரம் குட்டி பிறந்தபின் மூடிக்கொள்ளும். சில குட்டிகளில் அது முற்றாக மூடுவதில்லை. அவ்விடைவெளியூடாக வயிற்றினுள் இருக்கும் கொழுப்போ, சில வேளைகளிற் குடலின் ஒரு மடிப்போ தோலுக்குக் கீழே பிதுங்கி நிற்கும். இதுவே கொப்பூழ்க் குடலிறக்கம்.

வயல் வரம்பில் நண்டு துளைத்த வளையூடாக நீர் கசிவதற்கு இதனை ஒப்பிடலாம். வரம்பின் வெளிப்புறத்தில் மட்டும் சேற்றைப் பூசினால் கசிவு நிற்பதில்லை. வளையையே அடைத்தல் வேண்டும். அவ்வாறே, வீக்கத்தின்மேல் நாணயத்தை வைத்துத் துணியாற் கட்டுவதால் துவாரம் மூடாது. கட்டின் இறுக்கத்தால் தோல் புண்படும். உள்ளே சிக்கிய குடல் நசுங்கவும் கூடும்.

பரிசோதிக்கும் முறை

குட்டியை மடியில் மல்லாத்திக் கிடத்தி, அது அமைதியடைந்தபின், கழுவிய விரலால் வீக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

1. வீக்கம் மென்மையாக இருந்து, நோவின்றி உள்ளே சென்று, துவாரம் சுண்டுவிரல் நுனியிலும் சிறிதாயின் உடனடி ஆபத்து இல்லை. இத்தகையவை குட்டி 6 மாத வயதை அடையுமுன் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. வாரம் ஒருமுறை பார்த்து வந்தாற் போதும்.

2. துவாரத்தினுள் ஒரு விரல் நுழையுமாயின் குடல் மடிப்பு இறங்குவதற்கு இடமுண்டு. இத்தகைய குட்டியை 6 மாதம் வரை வைத்துப் பாராது மிருக வைத்தியருக்குக் காட்டி, சிகிச்சைக்குரிய நாளைக் குறித்துக் கொள்ளல் வேண்டும்.

3. வீக்கம் கொப்பூழில் அன்றிக் கவட்டிற் காணப்பட்டால் அதனையும் வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும். பெண் நாயிற் கருப்பையே இவ்வழியாக இறங்கக் கூடுமாதலால் இது அலட்சியத்திற்கு உரியதன்று.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நேற்று மென்மையாக இருந்த வீக்கம் இன்று கடினமாகி, சூடாகி, செந்நிறமோ நீலநிறமோ பெற்று, அழுத்தினால் உள்ளே செல்லாதிருத்தல், தொட்டதும் குட்டி கத்துதல், வாந்தியெடுத்தல், உணவை மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியன, குடல் துவாரத்தில் இறுகிவிட்டதைக் காட்டும் அறிகுறிகளாம். இறுகிய குடலுக்குக் குருதி செல்லாது. சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். அந்நிலையில் அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, மீதியைப் பொருத்தித் தைக்க நேரிடும். செலவு மிகும், குட்டி பிழைப்பதும் ஐயத்திற்கு இடமாகும். ஆகவே இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் வீக்கத்தை அழுத்தாமலும் உணவு கொடாமலும் உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். நாற்று நடுகையோ அறுவடையோ முடியட்டும் எனக் காத்திருக்கலாகாது.

காட்டுப்பன்றி தந்தத்தாற் குத்தியதால் வயிற்றுச் சுவர் கிழிந்து ஏற்படும் இறக்கமும் இத்தகையதே. வெளிக்காயம் சிறிதாயினும் உட்கிழிவு பெரிதாக இருக்கக் கூடும். குடல் வெளியே தெரிந்தால் அதனை உள்ளே தள்ளுதல் கூடாது. கொதித்தாறிய நீரில் நனைத்த தூய துணியால் மூடி, தளர்வாகச் சுற்றி, நாயை அசையாமற் கொண்டு செல்லல் வேண்டும்.

சிகிச்சைக்கு முன்

ஆபத்தற்ற சிறு இறக்கத்தைக் கருத்தடைச் சத்திர சிகிச்சையுடன் ஒரே நாளிற் சீர்செய்வது பொதுவான வழக்கம். இதனால் மயக்க மருந்தை ஒரு தடவை மட்டும் கொடுத்தாற் போதும். பெரும்போக, சிறுபோக வேலைகள் நெருங்காத இரண்டு வாரங்களைத் தெரிந்துகொண்டால் நாயைக் கவனிப்பதற்கு வீட்டில் ஒருவர் இருப்பர். பூச்சி மருந்தும் விசர்நாய்த் தடுப்பூசியும் முன்னரே கொடுக்கப்பட்டிருத்தல் நன்று. வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவின் பின் உணவு கொடுப்பதில்லை. மிக இளங்குட்டி நீண்ட நேரம் பட்டினி கிடந்தாற் குருதியிற் சீனியின் அளவு குறைந்து மயங்கக் கூடும். ஆகையால் எத்தனை மணி நேரம் உணவை நிறுத்துவது என்பதை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும்.

சத்திர சிகிச்சையில் நிகழ்வது

மயக்க மருந்து கொடுத்து, உரோமத்தை மழித்து, தோலைத் தூய்மை செய்தபின், வைத்தியர் வீக்கத்தின்மேற் கீறித் திறப்பார். பிதுங்கிய கொழுப்பு நீக்கப்படும், அல்லது உள்ளே செலுத்தப்படும். குடல் நன்னிலையில் இருப்பின் வயிற்றினுள் திருப்பி வைக்கப்படும். பின்னர் துவாரத்தின் விளிம்புகள் வலிய நூலாலும், தோல் வேறு நூலாலும் தைக்கப்படும். நோயற்ற குட்டிக்கு இது பெருஞ்சிகிச்சையன்று. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

வீட்டிற் செய்யும் பராமரிப்பு

வெளித்தோல் 10 முதல் 14 நாட்களில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தைத்த வயிற்றுச் சுவர் முழு வலிமை பெறுவதற்கு மேலும் பல வாரங்கள் செல்லும். மூன்றாம் நாளிற் குட்டி நோவை மறந்து துள்ளத் தொடங்கும். உட்தையல் விடும் ஆபத்து முதல் வாரத்திலேயே மிகுதி. புதிதாகக் கட்டிய வரம்பு இறுகுமுன் அதன்மேல் நடவாதிருப்பது போலவே, குட்டி நலமாகத் தோன்றும் இந்நாட்களிலேதான் அதனைக் கட்டுப்படுத்தி வைத்தல் வேண்டும்.

1. இரண்டு வாரங்களுக்கு ஓடவும், பாயவும், படியேறவும், வேறு நாய்களுடன் விளையாடவும் விடலாகாது. உலர்ந்த சாக்கு விரித்த சிறு அறையில் வைத்து, மலசலத்திற்கு மட்டும் கயிற்றிற் பிடித்து வெளியே கொண்டு செல்லலாம்.

2. குளிப்பாட்டுதலும் சேற்றில் இறங்க விடுதலும் கூடாது.

3. தையலை நக்கவோ கடிக்கவோ விடலாகாது. கழுத்துக் கூம்பு கிடையாதவிடத்து, அடி வெட்டிய சிறு பிளாத்திக்கு வாளியின் விளிம்பைத் துணியாற் பொதிந்து அணிவிக்கலாம். பீடைநாசினி இருந்த கலன் எதனையும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

4. காயத்தின்மேல் மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய், பயிர் மருந்து முதலிய எதையும் இடலாகாது. ஈ மொய்த்தாற் புழு வைக்குமாதலால் காலையும் மாலையும் காயத்தைப் பார்த்தல் வேண்டும்.

5. வைத்தியர் தந்த மருந்தை மட்டும், சொன்ன நாட்கள் வரை கொடுத்தல் வேண்டும். மனிதருக்கான பரசிற்றமோல், இபுபுரூபன் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக் கூடும்.

6. முதல் நாள் இலேசான உணவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

காயத்திலிருந்து சீழோ குருதியோ வடிதல், வீக்கம் மீண்டும் எழுதல், வாந்தி, ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை ஆகியன காணப்பட்டால் தையல் வெட்டும் நாள்வரை காத்திராது வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இனவிருத்தி

கொப்பூழ்க் குடலிறக்கம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சிகிச்சையால் அந்நாய் குணமடையினும் அதன் வித்திலுள்ள குறை நீங்குவதில்லை. விதைநெல்லைத் தெரிந்தெடுக்கும் கமக்காரருக்கு இது புதிய செய்தியன்று. இத்தகைய நாயைக் காவலுக்கு வளர்க்கலாம். குட்டி ஈனுவதற்கோ பொலிவதற்கோ விடலாகாது.

எங்கு செல்வது?

முதலிற் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தை நாடலாம். திகனவிலிருந்து கண்டி வழியாக ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையிலும் சத்திர சிகிச்சை செய்யப்படுகின்றது. குட்டியை வாங்கும் அன்றே அதன் கொப்பூழையும் கவட்டையும் தடவிப் பார்த்து, வீக்கம் இருப்பின் அலுவலகத் தொலைபேசி இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் நன்று. இரவில் வீக்கம் இறுகினால் அவ்விலக்கத்தைத் தேடிக் காலம் வீணாகாது.