ஸ்டேஷன்: ஒரு சொல், பல நிலைகள்

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் அமைதலும், ஒரு சொல் பல பொருள்படுதலும் எம்மொழிக்கும் இயல்பே. தமிழில் இதனை நன்கறிந்து தொகுத்தளித்தவர்களுள் சமணப் பெரியோர் முன்னிற்பவர். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவதற்கென்றே அமைந்தது. அந்நாளில் திண்ணைப் பள்ளிச் சிறுவர் அதனை மனனம் செய்தனர். இன்று ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளோ, குறிப்பேட்டை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் ஆங்கிலச் சொல் ஒன்று, வலப்புறம் தமிழ்ப் பொருள் ஒன்று என எழுதி வைக்கின்றனர். தேர்வில் அதே சொல் வேறொரு துறையிலிருந்து வந்து நிற்கும்போது தடுமாறுகின்றனர். தெரியாத சொல்லைக் கண்டால் குழந்தை அகராதியைப் புரட்டும். தெரிந்ததாக எண்ணிய சொல்லுக்காக ஒருபோதும் புரட்டாது. இடர் அங்கேதான் உள்ளது.

'ஸ்டேஷன்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

நீலகிரி மலை ரயில் 1899 ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908 ஆம் ஆண்டு உதகமண்டலம் வரையும் ஓடத் தொடங்கியது. குன்னூரைக் கடந்தால் வெலிங்டன், அருவங்காடு, அடுத்து நம் கேத்தி. ஆதலால் கேத்திப் பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் என்றால் ரயில் நிற்குமிடமே முதற்பொருள். 'ஹில் ஸ்டேஷன்' என்பதைத் தமிழில் தருக என்ற வினாவிற்கு 'மலை ரயில் நிலையம்' என்று எழுதிய விடைகளைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். விடை தவறுதான். ஆயினும் அதில் ஒரு தருக்கம் உண்டு; சிவப்பு மையால் சுழித்துவிட்டு அப்பால் செல்வது ஆசிரியர்க்கு அழகன்று. ஏன் தவறு என்பதைச் சொல்ல வேண்டுமானால் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819 ஆம் ஆண்டு இம்மலைக்கு ஏறி வந்தார். சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு எழுந்தது. ரயில் அவ்வூரை எட்டுதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. அப்படியாயின் ரயில் இல்லாத ஊர் எவ்வாறு 'ஸ்டேஷன்' ஆயிற்று? கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைவீரரையும் அலுவலரையும் நிலைகொள்ளச் செய்த ஊரை அப்பெயரால் குறித்தனர். பெங்களூரின் ஒரு பகுதி 1949 ஆம் ஆண்டு வரை 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்றே பெயர் பெற்றிருந்தது. அவ்வழியில், மலைமேல் அமைந்த உறைவிடம் 'ஹில் ஸ்டேஷன்'. கோடை வாழிடம் எனத் தமிழில் கூறுவது பொருந்தும்.

அவ்வழக்கின் எச்சம் இன்றும் நம் நாவில் உள்ளது. அரசு ஊழியர் தம் பணியிடத்தை நீங்கிச் செல்ல இசைவு கோருகையில் 'ஸ்டேஷனை விட்டுச் செல்ல' என எழுதுவர். தொலைபேசியில் ஒருவரைக் கேட்டால் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என விடை வரும். இது இந்திய ஆங்கிலம். இங்கிலாந்தில் சொன்னால் கேட்பவர் விழிப்பார். வணிகக் குடும்பத்தினர் நன்கறிந்த 'அவுட்ஸ்டேஷன் செக்', அதாவது வெளியூர்க் காசோலை, இதே கிளையில் பூத்ததே.

இனி வேருக்கு வருவோம். இலத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்றல். அதிலிருந்து பிறந்ததே ஸ்டேஷன். வடமொழியின் 'ஸ்தா' என்னும் வேரும் அதற்கு உறவு. நாம் பதினான்கு எனப் பயிலும் குணஸ்தானங்களில் உள்ள 'ஸ்தானம்' அவ்வேரில் வந்தது. தமிழின் 'நில்' அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் கருத்து ஒன்றே. நில் என்பதிலிருந்து நிலை, நிலையம். இச்சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் வாழ்க! இதனினும் பொருத்தமான பெயர்ப்பு அரிது.

வேர் தெரிந்தபின் மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டே: இங்கு எது நிற்கிறது? எதற்காக நிற்கிறது? வண்டி நின்றால் ரயில் நிலையம். காவலர் நிலைகொண்டால் காவல் நிலையம். 1932 ஆம் ஆண்டு பைக்காராவில் தொடங்கியதுபோல் மின்பொறிகள் நிறுவப்பட்டால் மின் நிலையம். நில அளவையில் கருவியை நிறுத்தும் புள்ளியும் ஸ்டேஷனே. ஆஸ்திரேலியக் கதையில் 'ஷீப் ஸ்டேஷன்' வந்தால் அது ஆட்டுப்பண்ணை. ஆடுகள் ரயிலேறும் இடமன்று. பழைய ஆங்கிலப் புதினங்களில் ஒருவரது 'ஸ்டேஷன் இன் லைஃப்' என்பது அவருடைய சமூக நிலை. கத்தோலிக்கர் சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்டேஷன்களை 'நிலைகள்' என்றே மொழிபெயர்த்துள்ளனர், நிலையங்கள் எனவில்லை. இந்நுட்பம் கருதத்தக்கது. 'போலிங் ஸ்டேஷன்' என்பதற்கோ நமக்கு வாக்குச்சாவடி என்னும் அழகிய சொல் தனியே உண்டு.

நில்லாததும் இப்பெயர் பெறும். பன்னாட்டு விண்வெளி நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் புவியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரமே. எனினும் 2000 ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர் அங்கு இடையறாது தங்கி வருகின்றனர். தங்குதல் கருதியே அது நிலையம் ஆயிற்று.

எழுத்துப்பிழை மிகும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அசையாதது என்னும் பொருளுடைய 'ஸ்டேஷனரி'யின் இறுதிப் பகுதியில் 'ஏ' வரும். எழுதுபொருள் என்னும் பொருளில் 'ஈ' வரும். ஐரோப்பாவில் முற்காலத்தில் ஊர்தோறும் திரிந்து விற்ற வணிகரே மிகுதி. பல்கலைக்கழகங்களின் அருகே ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்து நூல் விற்றவர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அவர் கடைப்பொருளே ஸ்டேஷனரி. கடிதத்தைக் குறிக்கும் 'லெட்டர்' என்னும் சொல்லிலும் 'ஈ' உண்டு, 'ஏ' இல்லை. அதைக்கொண்டு நினைவில் இருத்தலாம்.

விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'எஸ்டேட்' என்னும் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் இதே வேரில் கிளைத்தது. நீலகிரியில் அது தேயிலைத் தோட்டம். வழக்குமன்றத்தில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து. இதழியலில் 'நான்காவது எஸ்டேட்' என்றொரு வழக்கும் உண்டு. எஞ்சியவற்றை அகராதியைப் பார்த்து அவர்களே எழுதட்டும்.